பராக்கிரம பாண்டியன் வணங்கியது யாரை?

மேலகரத்துக்காரர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் எங்கள் ஊரில் பிறந்தவர். ஆகையால் வெளியூரிலிருந்து யாராவது விருந்தாளி வந்தால், முதலில் கவிராயர் பெருமை. அதற்கு அடுத்தபடி குற்றாலத்து அருவி. அதன்பிறகு, பொழுது மிச்சமிருந்தால், தென்காசிக் கோயில். வந்தவர் அருவியில் குளித்துவிட்டு, பசியோடு ஊர் திரும்புவதிலேயே குறியாக இருப்பார். ரயிலிலோ பஸ்ஸிலோ ஏறும் அவசரத்தில், கோபுரத்தை அண்ணாந்து பார்த்து ஒரு கும்பிடு போடுவதோடு கோயில் பார்த்தாகிவிடும்.

இந்த அநியாயத்துக்கு நானும் பல வருஷங்களாக உடந்தையாக இருந்திருக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் பள்ளிக்கூடத்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரைக் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போகும்படி நேர்ந்தது. ஐரோப்பியச் சரித்திரப் பாடத்தில் மத்திய காலத்து மாதா கோயில்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "ஸார், நம்ம ஊர்க் கோயிலும் அந்தக் காலத்ததுதானா?" என்று ஒரு பையன் கேட்டான். "நேரில் போய்ப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், பார்க்கத் தெரியாமலே நாற்பது வருஷத்தை ஓட்டியிருக்கிறேன் என்பது மனத்தில் உறைத்தது.

பாடத்தில் வந்தது 'ரோமனெஸ்க்' என்று பெயர் பெற்ற கட்டடக் கலை. கி.பி. 11, 12ஆம் நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பா எங்கும் பரவியது. கனத்த சுவர், சிறிய சாளரம், அரைவட்ட வளைவு. தஞ்சையில் ராஜராஜன் பெரிய கோயிலை 1010இல் முடித்தான். ஜெர்மனியில் ஸ்பையர் நகரத்துப் பெருங்கோயில் அதற்கு இருபது ஆண்டுகள் கழித்துத் தொடங்கப்பட்டது. அவர்களுடைய சிற்பம் பெரும்பாலும் இரண்டு இடங்களில் குவிந்திருக்கும். ஒன்று, தூண்களின் தலைப்பு. மற்றொன்று, வாசலுக்கு மேலே வளைவுக்குள் அமைந்த அரைவட்டப் பலகை. பிரான்சு தேசத்தில் ஓத்தூன் என்ற ஊரிலுள்ள புனித லாசர் கோயில் வாசலில், இறுதித் தீர்ப்பு நாளின் காட்சி அவ்விதம் செதுக்கப்பட்டிருக்கிறது. நடுவில் கிறிஸ்துநாதர் பிரம்மாண்டமாக வீற்றிருக்கிறார். ஒரு பக்கம் புண்ணியசாலிகள். மறுபக்கம் ஆத்மாக்களைத் தராசில் வைத்து நிறுக்கிறார்கள். பேய் ஒன்று தராசுத் தட்டைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறது! எழுதப் படிக்கத் தெரியாத குடியானவன்கூட அந்த வாசலில் தலை நிமிர்ந்தால் நடுங்கிப்போவான்.

தென்காசிக் கோயில் அவ்வளவு பழையதன்று. மதுரையை இழந்த பாண்டியர்கள் தெற்கே ஒதுங்கி ஆண்ட காலத்தில், 1422 முதல் 1463 வரை அரசு புரிந்த அரிகேசரி பராக்கிரம பாண்டியன் எழுப்பியது. 1440களின் நடுவில் திருப்பணி தொடங்கிற்று. காசிக்குப் போக ஏங்கிய அரசனின் கனவில் விசுவநாதரே தோன்றி, எறும்புச் சாரையைப் பின்தொடர்ந்து செல்லும்படி சொன்னாராம். சாரை முடிந்த இடத்தில், சிற்றாற்றின் கரையில், லிங்கம் கிடைத்ததாம். இது ஸ்தல புராணம். சரித்திரக்காரர்கள் வேறொன்று சொல்லக்கூடும்: தலைநகரை இழந்த அரச வம்சத்துக்குப் புதிய தலைநகரும் அதன் நடுவே ஒரு பெரிய கோயிலும் வேண்டியிருந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமாக எனக்குப் படவில்லை. பின்னால் இதே வம்சத்தில் வந்த அதிவீரராம பாண்டியன்தான் 'வெற்றி வேற்கை' செய்தவன். நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் செய்த நூல். ராஜ்யம் சுருங்கிய பிறகும் தமிழும் கல்லும் சுருங்கவில்லை.

நாங்கள் போனது சாரல் காலம். கோபுர வாசலில் நுழையும்போதே காற்று ஆளைத் தள்ளும். ஆரியங்காவுக் கணவாயின் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று அல்லவா? பெண் குழந்தைகள் தாவணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு பையனுடைய நோட்டுப் புத்தகத்திலிருந்து தாள் பறந்து போயிற்று. அதைத் துரத்திக்கொண்டு அவன் ஓடியதில் பாடத்தின் முதற்பகுதி முடிந்தது.

உள்ளே முன்மண்டபத்தில்தான் சிற்பங்கள். திருவோலக்க மண்டபம் என்பார்கள். ஆள் உயரத்துக்கு மேற்பட்ட உருவங்கள், தூணோடு தூணாக, ஒரே கல்லில் நிற்கின்றன. வீரபத்திரர் ஓங்கிய கைகளும் உருட்டிய விழிகளுமாக வருகிறார். காலைத் தலைக்குமேல் தூக்கிய ஊர்த்துவ தாண்டவ மூர்த்தி ஒரு தூணில். அவரோடு போட்டியிட்டுத் தோற்ற காளி மற்றொரு தூணில். கரும்பு வில்லோடு மன்மதன், அவனுக்கேற்ற ரதி, திருமால், இன்னும் தமிழணங்குகள், பாவைகள். திருநெல்வேலிச் சீமைக்கு இவ்வகைத் தூண்கள் சொந்தச் சொத்து மாதிரி. கிருஷ்ணாபுரத்துக்குப் போனவர்கள் இதே குடும்பத்து உருவங்களை இன்னும் அதிகமான அலங்காரத்தோடு பார்த்திருப்பார்கள்.

பிள்ளைகளிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். "ஓத்தூன் கோயிலில் சிற்பம் சுவரில் பதித்த பலகை. இங்கே ஏன் தூணில் நிற்கிறது?" யாரும் பேசவில்லை. விடை தலைக்கு மேலே இருந்தது. அண்ணாந்து பார்க்கச் சொன்னேன்.

ஐரோப்பியக் கொத்தன் வளைவு கட்டத் தெரிந்தவன். சின்னச் சின்னக் கற்களை ஆப்பு வடிவில் வெட்டி, ஒன்றன் தோளில் ஒன்றைச் சாய்த்து, அகலமான இடத்தை மூடிவிடுவான். அந்த வளைவு பக்கவாட்டில் உதைக்கும். உதையைத் தாங்கச் சுவர் தடித்திருக்க வேண்டும். ஆகவே அவனுக்குக் கிடைத்தது அகலமான கூடமும் கனத்த சுவரும் சிறு சாளரமும். நம்முடைய ஸ்தபதிகள் கற்கோயிலில் வளைவை விரும்பவில்லை. தூண் நட்டு, அதன்மேல் போதிகை வைத்து, உத்தரம் ஏற்றி, பலகைக் கல்லால் மூடுவது அவர்கள் முறை. பலகைக் கல் எவ்வளவு நீளம் தாங்குமோ அவ்வளவு தூரத்தில் அடுத்த தூண் வந்தாக வேண்டும். அதனால் பெரிய மண்டபம் என்றால் தூண்களாலான காடுதான். இத்தனை தூண்கள் கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது, சிற்பி வேறெங்கே போவான்? பாரம் சுமக்கும் தூணையே வீரபத்திரராக்கிவிட்டான்.

கல்லும் வேறு. ஓத்தூனில் செதுக்கியது சுண்ணாம்புக் கல்; கத்திக்கு இணங்கும். ஆகவே அங்கே உருவங்கள் நெடுநெடுவென்று மெலிந்து, துணி மடிப்புகள் நூல் நூலாகத் தொங்கும். நம் கருங்கல் அப்படியெல்லாம் இடம் கொடாது. உளியின் முனை மழுங்க மழுங்கக் கொல்லுலையில் காய்ச்சித் தட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் பொளிய வேண்டும். ஒரு தவறான அடி போதும், தூக்கிய கால் உடைந்து விழ; உடைந்தால் ஒட்டவைக்க வழியில்லை, முழுத் தூணும் வீண். ஊர்த்துவ தாண்டவ மூர்த்தியின் தூக்கிய காலைப் பார்க்கும்போது, அதைச் செதுக்கியவன் அன்றிரவு தூங்கியிருப்பானா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

செதுக்கியவன் பெயர் என்ன என்று ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. ஓத்தூன் வாசலில், கிறிஸ்துவின் காலடியில், 'ஜிஸ்லெபெர்ட்டுஸ் இதைச் செய்தான்' என்று லத்தீன் மொழியில் பொறித்திருக்கிறது. அவன் சிற்பியே என்று பலரும், திருப்பணிக்குக் காரணமாயிருந்த பிரபு என்று சிலரும் வாதாடுகிறார்கள். நம் நாட்டில் அவ்விதம் பெயர் பொறிப்பது அருமை. தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயர் கல்வெட்டில் ஏறியிருக்கிறது. அது அரசன் மனம் வைத்ததால். தென்காசியில் கல்லில் பேசுகிறவன் பராக்கிரம பாண்டியன். ஆனால் அவன் பேசுகிற பேச்சு, அரசர்கள் வழக்கமாகப் பேசுவது அல்ல.

கல்வெட்டாக உள்ள தமிழ்ப் பாட்டுக்களில் அவன் சொல்வதன் சாரம் இது: இந்த ஆலயம் தெய்வத்தின் செயலால் அமைந்தது, என் செயல் அல்ல. பிற்காலத்தில் இதற்கு ஏதேனும் குறை நேருமாயின், அப்போது வந்து அதை நீக்கிக் காக்கிறவர் எவராயிருந்தாலும் சரி, உலகம் அறிய அவரை நான் பணிகிறேன். அவர் பாதத்தை என் தலைமேல் தாங்குகிறேன்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது எனக்கே தொண்டை அடைத்தது. எதிரிகளை வென்றேன், யானைகளை வாரினேன் என்று எழுதுவதற்குப் பழகிய கல் அல்லவா? அதில் ஓர் அரசன், தான் பார்க்கப்போகாத, ஜாதி குலம் தெரியாத யாரோ ஒருவர் காலில் விழுகிறான். கட்டியது இடியும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் கோபுரம் முற்றுப்பெறுவதற்கு முன்னே 1463இல் காலமானான் என்றும், தம்பி குலசேகர பாண்டியன் அதை முடித்தான் என்றும் சொல்வார்கள். ஆக, முதல் வணக்கத்தைத் தம்பியே பெற்றுக்கொண்டான்.

இனிக் கோபுரத்தின் கதைக்கு வருகிறேன். நம் பக்கத்துக் கோபுரங்கள் இரண்டு பொருளால் ஆனவை. கீழே வாசல் உள்ள அடித்தளம் முழுவதும் கருங்கல். அதைக் கல்காரம் என்பார்கள். அதன்மேல் எழும் நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்பும். கல்லாலேயே மேல்வரை ஏற்றினால் பாரம் தாங்காது. அதனால் ஒவ்வொரு நிலையும் கீழ்நிலையைவிடச் சிறுத்து, உள்ளே கூடாக, நடுவில் வாசல் விட்டு, குறுக்கே மரச்சட்டம் பாய்ச்சி ஏறும். வெளியே சுதை உருவங்கள். கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு பல தலைமுறை நிற்கும். ஆனால் உச்சியில் இடி விழுந்தாலோ, உள்ளே மரத்தில் நெருப்புப் பிடித்தாலோ, என்ன செய்வது? தென்காசிக் கோபுரத்துக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது. இடி விழுந்தது என்பார்கள், தீப்பற்றியது என்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேல்நிலைகள் பிளந்து சரிந்தன. அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அது 'மொட்டைக் கோபுரம்' என்ற பெயரோடு நின்றது.

எனக்கு அந்த மொட்டைக் கோபுரம் நன்றாக நினைவிருக்கிறது. செங்கல் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கும். சாயங்காலத்தில் கிளிகளும் புறாக்களும் வந்து அடையும். நடுவே பிளந்த இடத்தில் ஆகாயம் தெரியும். என் தாத்தாவுக்கு அந்தக் கோபுரத்தின்மேல் ஒரு பாசம். கடைத்தெருவுக்கு என்னை அழைத்துப் போகும்போதெல்லாம் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார். அவர் அப்பாவும் அப்படியே நின்று பார்த்தவராம். முழுக் கோபுரத்தைப் பார்த்தவர் யாரும் எங்கள் வம்சத்தில் உயிரோடு இல்லை.

பின்னர்ச் சாரம் கட்டினார்கள். பத்திரிகை அதிபர் சிவந்தி ஆதித்தனார் முன்னின்றார். ஊராரும் வெளியூராரும் பொருள் கொடுத்தார்கள். பழைய கல்தளத்தின்மேல் ஒன்பது நிலைகள் மீண்டும் எழுந்தன. 1990இல் குடமுழுக்கு நடந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. கூட்டத்துக்குப் பயந்து தாத்தா கோயிலுக்கு வரவில்லை. மேலகரத்தில் வீட்டு மச்சில் ஏறி நின்று, கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு, பளபளக்கும் கலசங்களைப் பார்த்தார். நான் துள்ளிக் குதித்தேன். தாத்தா நெடுநேரம் பேசவில்லை. அப்புறம், "நல்லாத்தாம்லே இருக்கு. ஆனா இது உன் கோபுரம்லே; என் கோபுரம் மொட்டையாத்தான் இருந்துது" என்றார்.

அன்று அது எனக்குக் கிழவரின் பிடிவாதமாகப் பட்டது. இன்று அவர் சொன்னதில் ஒரு பெரிய விவகாரம் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. சிதைந்ததைச் சிதைந்தபடியே காப்பதா, மறுபடி முழுதாக்குவதா? மேனாட்டு அறிஞர்கள் பலர், பழையதில் ஒரு கல்லையும் புதிதாக இட்டுக் கட்டாதே என்பார்கள். சுதை உருவங்களின் பழைய முகங்கள் போய்விட்டன, புதியவை வந்திருக்கின்றன. கலை ஆராய்ச்சிக்காரனுக்கு அது நஷ்டமே. ஆனால் கோயில் பொருட்காட்சிச் சாலை அல்லவே! வாசல் மொட்டையாயிருக்கும் வீட்டில் குடியிருப்பவனுக்குத்தான் அந்தக் குறை தெரியும். 'குறை நேர்ந்தால் நீக்குங்கள்' என்றுதான் அரசனும் கேட்டானே தவிர, 'குறையைப் போற்றுங்கள்' என்று கேட்கவில்லை. என் அபிப்பிராயம், கோபுரத்தைக் கட்டியது சரி என்பதே. தாத்தா இருந்தால் ஒப்புக்கொள்ளமாட்டார்.

கருங்கல் விஷயம் மட்டும் வேறு. செங்கல்லும் சுதையும் தலைமுறைக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியவை. அவற்றின் இயல்பே அது. உளி பட்ட கல் அப்படியன்று. அதன்மேல் வர்ணம் பூசுவது, கம்பிக்காக ஆணி அடிப்பது, எழுத்துள்ள இடத்தில் சுண்ணாம்பு அடிப்பது, அழுக்கைப் போக்குகிறோம் என்று மணலைப் பீச்சி மேல்தோலை உரிப்பது, இவையெல்லாம் திருப்பணி என்ற பெயரில் நடப்பவை. நான் இளைஞனாயிருந்தபோது வேறோர் ஊர்க் கோயிலில் ஒரு கல்வெட்டைப் படித்துக் குறித்துக்கொண்டு வந்தேன். சில வருஷம் கழித்து மறுபடி போனபோது அந்தச் சுவர் வெகு சுத்தமாக இருந்தது; எழுத்துக்கள் மழுங்கிப் பாதிக்குமேல் படிக்க இயலவில்லை. அங்கிருந்தவர்கள் சந்தோஷத்தோடு, "எப்படிப் பளிச்சென்று இருக்கிறது, பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். நான் என்ன பதில் சொல்வது?

ஓத்தூனிலும் இதே கதைதான். 1766ஆம் வருஷம் அந்தக் கோயில் குருமார்களுக்கே வாசல் சிற்பம் அநாகரிகமாகத் தோன்றியது. காரை பூசி முழுவதையும் மறைத்துவிட்டார்கள். கிறிஸ்துவின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் அதைத் தட்டி எடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காரையே சிற்பத்தைக் காப்பாற்றியது. பிரெஞ்சுப் புரட்சியில் பல கோயில்களின் சிலைகள் உடைபட்டபோது, இது இருக்குமிடம் தெரியாமல் தப்பியது. 1837இல் காரையைப் பெயர்த்தார்கள். தலை மட்டும் 1948இல்தான் மறுபடி உடலோடு சேர்ந்தது. அதே கோயிலைச் சேர்ந்த ஏவாள் சிற்பம் ஒன்று, யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் வெறும் கல்லாகப் பதிந்து கிடந்து, 1856இல் வீட்டை இடித்தபோது அகப்பட்டதாம்! இப்போது அந்த ஊர் மியூசியத்தில் இருக்கிறது.

இதைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தங்கள் வீட்டுப் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லிலும் எழுத்து இருப்பதாக ஒருவன் சொன்னான். சொல்லும்போதே அவன் குரலில் பொய் தெரிந்தது. இருந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். மாவரைத்த தடம், எழுத்து அல்ல. அவன் தாயார் காப்பி கொடுத்தார்கள்.

2019இல் தென்காசி தனி ஜில்லாவின் தலைநகராயிற்று. கோயிலுக்கு 2025இல் மறுபடி குடமுழுக்கு நடந்திருக்கிறது. கூட்டமும் பெருகிவிட்டது; கடைத்தெருவின் இரைச்சலைக் கேட்கவேண்டியதில்லை. ஆகவே போகிறவர்கள் நடை திறந்ததும் போய்விடுவது நல்லது. முதலில் கோபுரத்துக்கு வெளியே, கிழக்கே தள்ளி நின்று, கருங்கல் எங்கே முடிந்து செங்கல் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே பாண்டியன். மேலே நம் காலத்தவர். பிறகு முன்மண்டபத்துத் தூண்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வரவேண்டும்; எதிரே நின்று மட்டும் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். விசுவநாதரையும் உலகம்மையையும் தரிசித்தபின் அவசரம் இல்லாவிட்டால் குற்றாலத்துச் சித்திரசபைக்கும் போகலாம். அது மரத்தாலும் செப்புத்தகட்டுக் கூரையாலும் ஆனது, சுவரெல்லாம் ஓவியம். கல்லையே பார்த்துக் களைத்த கண்ணுக்கு இதம்.

நாங்கள் அன்று அதுவரைக்கும் போகவில்லை. மணி பன்னிரண்டாகி நடை சாத்தும் நேரம் வந்துவிட்டது. வாசலில் மறுபடி அதே காற்று. எண்ணிப் பார்த்ததில் ஒரு பையன் குறைந்தான். திரும்பிப் போய்ப் பார்த்தேன். தாளைக் காற்றில் பறக்கவிட்ட அதே பையன்தான். எழுத்துள்ள கல்லுக்கு முன்னால் குந்தியிருந்து, தன் சட்டை நுனியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தான். "ஸார், 'ப' மட்டும் தெரியுது ஸார்" என்றான். கோயில் காவலாளி சாவிக்கொத்தோடு அருகில் நின்றார். அவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.